செங்காந்தள் விதை முளைக்கவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

செங்காந்தளை விதையிலிருந்து வளர்க்கத் தொடங்குகிறவர்களில் பலர் முதல் வருடத்திலேயே தொட்டியைக் கவிழ்த்துவிடுகிறார்கள். முளைக்கவே இல்லை என்பார் ஒருவர். முளைத்தது காய்ந்து போயிற்று என்பார் இன்னொருவர். கொட்டிய மண்ணை விரலால் கிளறிப் பார்த்தால் பெரும்பாலும் உள்ளே உயிருள்ள விதை இருக்கும், அல்லது பயறு அளவில் ஒரு கிழங்கு இருக்கும். தூங்குகிற செடியைச் செத்த செடி என்று நினைத்துக்கொள்வதுதான் இந்தப் பூவை வளர்ப்பதில் நடக்கும் முதல் தவறு. அதனால் கீழே வரும் ஒவ்வொரு அறிகுறிக்கும் முன்னால் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இப்போது என்ன மாதம்?

கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு, கார்த்திகைப்பூ என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும் கொடி இது. தாவரவியல் பெயர் குளோரியோசா சூப்பர்பா. வேலியோரத்திலும் புதர்க்காட்டிலும் கடற்கரை மணலிலும் யாரும் தண்ணீர் விடாமல் தானே வளரும். அதன் ஒரு வருடம் இப்படிப் போகும்: ஆடி, ஆவணி மழையில் தரைக்கு மேலே தலை நீட்டும். புரட்டாசியிலிருந்து கார்த்திகை வரை பூக்கும். மார்கழி, தையில் காய் முற்றி வெடிக்கும். மாசி, பங்குனியில் கொடி சருகாகிக் காணாமல் போகும். கோடை முழுக்கக் கிழங்கு மண்ணுக்குள் கிடக்கும். வடகிழக்குப் பருவமழையை மட்டும் நம்பியிருக்கும் கரையோர ஊர்களிலும் இலங்கையின் வடக்கு, கிழக்குப் பகுதிகளிலும் இந்தக் கணக்கு ஒன்றிரண்டு மாதம் தள்ளிப் போகும். ஆனால் வரிசை மாறாது.

கிழங்கு வாங்கி நட்டால் சீக்கிரம் பூக்குமே, விதை எதற்கு என்று கேட்கலாம். சந்தைக்கு வரும் கிழங்கில் எது தோட்டத்தில் விளைந்தது, எது காட்டில் தோண்டியது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. பூக்கிற வயதுக்கு வர ஒரு செடிக்கு 3, 4 வருடம் ஆகிறது. ஒரு மண்வெட்டி வெட்டில் அது போய்விடும். தோண்டித் தோண்டியே பல இடங்களில் வேலிகள் வெறுமையாகிவிட்டன. விதையில் வளர்ப்பவர் காட்டிலிருந்து எதையும் எடுப்பதில்லை. எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

தொடங்கும் முன், விஷம் பற்றி

இதன் கிழங்கு, விதை, இலை, பூ எல்லாவற்றிலும் கால்ச்சிசின் இருக்கிறது. கவுட் என்னும் மூட்டு நோய்க்கு மருந்தாகும் அதே பொருள்தான். ஒட்டன்சத்திரம், மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சி பக்கம் விவசாயிகள் பந்தல் போட்டு இதைச் சாகுபடி செய்வது இந்த மருந்துச் சரக்குக்காகத்தான். மருந்துக்கும் விஷத்துக்கும் இடையில் இதில் இடைவெளி மிகக் குறைவு. கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று நினைத்துச் சாப்பிட்டு உயிர் விட்டவர்கள் இருக்கிறார்கள்.

அதனால் விதையையோ கிழங்கையோ தொடும்போது கையுறை போடுங்கள். வெட்டிப் பார்க்கும் கத்தி சமையலறைக் கத்தியாக இருக்கக் கூடாது. ஊற வைத்த தண்ணீரை ஆடு, மாடு, கோழி குடிக்கும் இடத்தில் ஊற்றாதீர்கள். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் இந்தச் செடியை இரண்டு வருடம் தள்ளிப் போடுங்கள். யாராவது தின்றுவிட்டால் வாந்தியும் பேதியும் தொடங்கச் சில மணி நேரம் ஆகலாம். ஒன்றும் ஆகவில்லையே என்று காத்திருக்காமல் 108-க்கு அழைத்து, தின்ற செடியின் ஒரு துண்டை ஒரு பையில் போட்டு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். கைவைத்தியம் எதுவும் இதற்கு உதவாது.

சரி, அறிகுறிகளுக்கு வருவோம்.

விதைத்து ஒரு மாதம் ஆயிற்று, ஒன்றுமே வரவில்லை

அதிகம் கேட்கப்படும் புகார் இதுதான். ஒரு மாதம் என்பது இந்த விதைக்கு ஒரு காலமே இல்லை. நல்ல விதை, சரியான சூடு, சரியான ஈரம் எல்லாம் அமைந்தாலும் முதல் முளை தெரிய 3, 4 வாரம் பிடிக்கும். மீதி விதைகள் 3 மாதம் வரை ஒன்றொன்றாக எழும். ஒரே காயிலிருந்து எடுத்த விதைகள்கூட ஒரே வாரத்தில் முளைக்காது. காட்டில் ஒரு மழையை நம்பி எல்லா விதையும் எழுந்து, அந்த மழை பொய்த்தால் மொத்தமும் போய்விடும். அதனால் தவணை தவணையாக எழுவதுதான் அதன் வழக்கம்.

3 மாதமும் தாண்டிவிட்டதா? அப்படியென்றால் கீழே சொல்வதை இந்த வரிசையிலேயே பாருங்கள்.

முதலில் விதையின் வயது. தை மாதம் காய் வெடித்தவுடன் எடுத்து அடுத்த வாரமே விதைத்திருந்தால் முளைக்காது. புது விதைக்கு உறக்க காலம் உண்டு, 6 முதல் 9 மாதம் வரை. மார்கழி, தையில் விழும் விதை கோடையைக் கடந்து அடுத்த மழையில்தான் முளைக்க வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. நடுவில் ஒரு கோடை மழை பெய்தாலும் ஏமாந்து முளைத்துவிடாமல் இருக்க வேண்டுமே! ஆகவே தையில் எடுத்த விதையைக் காகிதப் பையிலோ துணிப் பையிலோ நிழலில் வைத்திருந்து ஆடி, ஆவணியில் விதையுங்கள். ஏற்கெனவே விதைத்துவிட்டீர்கள் என்றால் தோண்டி எடுக்க வேண்டாம். தண்ணீரைக் குறைத்து, தொட்டியை நிழலில் ஒதுக்கி, மழைக்காலம் வரை விட்டுவிடுங்கள்.

அடுத்தது சிவப்புத் தோல். முற்றிய விதையைச் சுற்றி ஆரஞ்சுச் சிவப்பில் சதைப்பற்றான ஒரு மேல்தோல் இருக்கும். காய்ந்தால் அது சுருங்கி விதையோடு ஒட்டிக்கொள்ளும். அதோடு விதைத்தால் பூஞ்சைக்கு விருந்து. தண்ணீரில் ஓர் இரவு ஊற வைத்து, கையுறை போட்ட கையால் கொஞ்சம் மணலோடு சேர்த்துத் தேய்த்தால் தோல் கழன்று வந்துவிடும். பிறகு புதுத் தண்ணீரில் இன்னொரு நாள் ஊற வைத்து விதையுங்கள். உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பது, கொதிநீரில் போடுவது இதெல்லாம் வீட்டில் செய்யும்போது கரு அடிபடும் வாய்ப்புத்தான் அதிகம். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவது, விதைக்கு உயிர் இருக்கிறதா என்பது. வாங்கிய விதை மருந்துச் சரக்காக விற்க எடுத்ததா, விதைப்பதற்காக எடுத்ததா என்று கேளுங்கள். சரக்கு விதையைச் சிமெண்ட் களத்தில் கடும் வெயிலில் காய வைத்திருக்கலாம், இரண்டு மூன்று வருடம் விலைக்காக இருப்பும் வைத்திருக்கலாம். சந்தேகம் இருந்தால் இரண்டு விதையை வெட்டிப் பாருங்கள். உட்புறம் வெளுப்பாக, கொட்டைப்பாக்கு போலக் கடினமாக இருந்தால் நம்பலாம். பழுப்பாகவோ பொடியாகவோ உள்ளே வெற்றிடமாகவோ இருந்தால் வாங்கிய விதையில் பெரும்பகுதி போயிற்று என்று எடுத்துக்கொள்ளலாம். தண்ணீரில் மிதக்கிறதா மூழ்குகிறதா என்று பார்ப்பதை இந்த விதைக்கு நம்பாதீர்கள். நன்றாகக் காய்ந்த நல்ல விதையும் மிதக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் முளைக்கவில்லை என்றால் சூட்டையும் ஆழத்தையும் பாருங்கள். 25 முதல் 30 டிகிரி இதற்குப் பிடித்த சூடு. சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் வைத்த கறுப்புப் பையின் மண் அதைவிட மிக அதிகமாகச் சுடும். மலையூரில் மார்கழிக் குளிரில் விதைத்தாலும் அப்படியே கிடக்கும். ஆழம் 1 முதல் 2 செ.மீ. போதும்.

தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் தவிப்பவர்களுக்கு ஒரு வழி. கழுவிப் பிழிந்த தென்னைநார்க் கழிவை ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டு, அதற்குள் விதைகளை வைத்து மூடுங்கள். கையால் பிழிந்தால் சொட்டு விழாத ஈரம் போதும். வீட்டுக்குள் நிழலான இடத்தில் வைத்து வாரம் ஒருமுறை திறந்து காற்று காட்டுங்கள். வெள்ளை வேர் எட்டிப் பார்த்த விதையை மட்டும் எடுத்துத் தொட்டியில் வையுங்கள். எது முளைத்தது, எது அழுகியது என்று கண்ணால் பார்த்துவிடலாம், மண்ணைத் தோண்டித் தோண்டிப் பார்க்கும் ஆசையும் அடங்கும்.

விதையைச் சுற்றி வெள்ளைப் பூஞ்சை, தொட்டால் நசுங்குகிறது

ஈரம் அதிகம், காற்று குறைவு. வேறு காரணம் தேட வேண்டாம். நசுங்கிய விதைகளைக் குப்பையில் போடுங்கள். மற்றவற்றைக் கழுவி, புதுக் கலவையில் வையுங்கள். விதைக்கும் கலவை பாதி மணல், பாதி தென்னைநார்க் கழிவு என்று இருந்தால் போதும். தொழுவுரம், மண்புழு உரம் எதுவும் இந்தக் கட்டத்தில் வேண்டாம். தென்னைநார்க் கழிவை இரண்டு மூன்று தண்ணீரில் அலசி உப்பைப் போக்கிவிடுங்கள். மணல் கிடைக்காமல் எம்-சாண்ட் போடுகிறவர்கள் அதையும் அலச வேண்டும். அதிலிருக்கும் மாவுத்தூள் தண்ணீர் பட்டுப் பட்டு இறுகி, வடிகாலை அடைத்துவிடும்.

விதைப்பதற்கு முன் டிரைக்கோடெர்மா விரிடி என்ற, கெட்ட பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சையின் பொடியில் புரட்டி எடுப்பது நல்ல பழக்கம். கிலோவுக்கு 4 கிராம் என்பது வழக்கமான விதைநேர்த்தி அளவு. வீட்டில் விதைக்கும் ஒரு கைப்பிடிக்கு ஒரு சிட்டிகை தாராளம்.

முளைத்த நாற்று அடியில் கருத்துச் சாய்கிறது

இது நாற்றழுகல். மண்ணோடு ஒட்டிய இடத்தில் தண்டு நூலாகச் சுருங்கி நாற்று படுத்துவிடும். சாய்ந்ததைக் காப்பாற்ற முடியாது. பக்கத்தில் இருப்பதைக் காப்பாற்றலாம். நெருக்கமாக இருந்தால் வேருக்கு அடியிலிருந்து மண்ணோடு பெயர்த்துத் தள்ளி வையுங்கள். பூவாளியால் மேலிருந்து ஊற்றுவதை நிறுத்திவிட்டு, தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் சிறிது நேரம் வைத்து எடுங்கள். மண்ணின் மேல் ஒரு விரல் தடிமனுக்குக் காய்ந்த மணலைத் தூவினால் தண்டைச் சுற்றி ஈரம் தங்காது. சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவின் கரைசலை ஒருமுறை மண்ணில் ஊற்றலாம், லிட்டருக்கு 10 கிராம்.

ஒரே ஒரு இலை வந்தது, அதோடு நின்றுவிட்டது

கவலையே வேண்டாம். முதல் வருடச் செங்காந்தள் அப்படித்தான் இருக்கும். புல் மாதிரி ஒல்லியாக ஓர் இலை, பிறகு மேலும் சில இலைகள், அவ்வளவுதான். இலை நுனியில் வரும் பற்றுக்கம்பிகூட அந்த வயதில் பெரும்பாலும் இருக்காது. மேலே வளரவில்லை என்று யூரியாவைப் போட்டால் கேடுதான் வரும். இந்த வருடம் அதன் வேலை முழுக்க மண்ணுக்குள் நடக்கிறது. இலை தயாரிக்கிற உணவெல்லாம் கீழே ஒரு சின்னக் கிழங்காகிக்கொண்டிருக்கிறது. அந்தக் கிழங்கு உருவானால்தான் கோடையைத் தாண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது இலையை முடிந்தவரை அதிக நாள் பச்சையாக வைத்திருப்பதுதான். காலை வெயில் படட்டும், உச்சி வெயிலுக்கு நிழல்வலை இருக்கட்டும். மேல்மண் காயத் தொடங்கும்போது தண்ணீர். நாற்று நன்றாக நிலைத்த பிறகு மாதம் ஒருமுறை ஒரு சிட்டிகை மண்புழு உரம் போதும்.

ஒன்றை மட்டும் சீக்கிரம் சரிசெய்யுங்கள். ஆழமில்லாத குழித்தட்டில் விதைத்திருந்தால் இந்தக் கிழங்குக்கு அது போதாது. வருடத்துக்கு வருடம் அது கீழ்நோக்கி இறங்கப் பார்க்கும். குறைந்தது 15 செ.மீ. ஆழமுள்ள பைக்கோ தொட்டிக்கோ வேர் கலையாமல் மாற்றிவிடுங்கள். மாற்றுவதற்கு நல்ல நேரம் இரண்டு மூன்று இலை இருக்கும்போது. இலை மஞ்சளாகத் தொடங்கிவிட்டால் அந்த வருடம் தொடாமல் விடுவதே மேல்.

இலை மஞ்சளாகிறது, கொடி காய்கிறது

இதில்தான் அதிகச் செடிகள் குப்பைக்குப் போகின்றன. கொஞ்சம் நின்று பாருங்கள். ஒன்று உறக்கம், இன்னொன்று அழுகல். இரண்டும் மஞ்சளில்தான் தொடங்கும். ஆனால் போகிற வழி வேறு.

உறக்கம் என்றால் மார்கழிக்குப் பிறகு வரும். முதல் வருட நாற்றுக்கு இன்னும் முன்பேகூட வரலாம். அடி இலையில் தொடங்கி மெதுவாக, வாரக்கணக்கில் ஏறும். இலை வாடித் தொங்காது, மஞ்சளாகி, வைக்கோல் நிறமாகி, சருகாகும். தண்டின் அடிப்பகுதி உலர்ந்து, லேசாகத் தொட்டாலே கையோடு வந்துவிடும். அந்த இடத்தில் ஈரமோ நாற்றமோ இருக்காது.

அழுகல் என்றால் மாதக் கணக்கு இல்லை. பெரும்பாலும் அடைமழைக்குப் பின் வரும். மண் ஈரமாக இருக்கும்போதே பச்சை இலை வாடித் தொங்கும். சில நாளில் கொடி முழுக்கச் சாயும். தண்டின் அடியை அழுத்தினால் பழுப்பாக, கொழகொழவென்று இருக்கும். மண்ணை விலக்கினால் வெள்ளை நூல் பரவி, நடுவில் கடுகு அளவு பழுப்பு உருண்டைகள் தெரிந்தால் அது ஸ்கிளிரோசியம் என்ற பூஞ்சை.

உறக்கம் என்று உறுதியானால் தண்ணீரைப் படிப்படியாக நிறுத்துங்கள். பச்சை மிச்சம் இருக்கும் வரை கொடியை வெட்டாதீர்கள். அதிலிருக்கும் சத்து இன்னும் கிழங்குக்கு இறங்கிக்கொண்டிருக்கும். முழுவதும் காய்ந்த பின் எடுத்துவிட்டு, தொட்டியை மழை படாத, வெயில் நேராக அடிக்காத இடத்தில் வையுங்கள். பெரிய கிழங்கு கோடை முழுக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் இருக்கும். பயறு அளவுக் கிழங்கு அப்படி இருக்காது, வற்றிவிடும். அதற்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மண் லேசாக நனையும்படி தெளித்தால் போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, தொட்டியில் பெயரும் விதைத்த மாதமும் எழுதி ஒரு குச்சி செருகுங்கள். வெறுந்தொட்டி என்று நினைத்து வீட்டில் வேறு யாராவது கீரை விதைத்துவிடுவார்கள். விஷக் கிழங்கு இருக்கும் மண்ணில் கீரை வளர்வது எந்த வகையிலும் சரியில்லை.

வருடம் முழுக்க மழை பெய்யும் ஊர்களில் இருப்பவர்கள் செடி தூங்கவே இல்லை என்று சொல்வதுண்டு. அங்கே கொடி காயத் தொடங்கியதும் தொட்டியைக் கூரைக்கு அடியில் கொண்டு போய் நீங்களே ஒரு கோடையை உண்டாக்கித் தர வேண்டும்.

அழுகல் என்றால் உடனே தோண்டுங்கள். நல்ல கிழங்கு கையில் கெட்டியாக இருக்கும், உள்ளே வெளுப்பாக இருக்கும். மெத்தென்று இருந்தால் அதை எரித்துவிடலாம், அல்லது ஆழமாகப் புதைக்கலாம், உரக்குழியில் போடாதீர்கள். வளர்ந்த கிழங்கு கவட்டை போல இரண்டு கிளையாக இருக்கும்; அதில் ஒரு கிளை மட்டும் கெட்டிருந்தால் நல்ல கிளையைச் சுத்தமாக வெட்டி எடுத்து, வெட்டுவாயில் டிரைக்கோடெர்மா தடவி, நிழலில் இரண்டு மூன்று நாள் ஆற விட்டுப் புது மண்ணில் வையுங்கள். பழைய மண்ணை வேறு எந்தத் தொட்டிக்கும் மாற்றாதீர்கள். அப்புறம், அழுகலுக்கான மூல காரணத்தைச் சரிசெய்யுங்கள்: களிமண். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு நன்றாக மட்கிய இலைமட்கு அல்லது தொழுவுரம் என்பது எனக்குத் தெரிந்து நன்றாக வேலை செய்யும் கலவை. கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கும் கலக்கலாம். தரையில் நடுவதாக இருந்தால் மேட்டுப்பாத்தியில் நடுங்கள்.

மழை வந்துவிட்டது, போன வருடக் கிழங்கு எழவில்லை

ஆடி பிறந்ததும் எழ வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒரே தொட்டியில் இருக்கும் இரண்டு கிழங்குகூட ஒரு மாத இடைவெளியில் எழும். புரட்டாசி வரை பொறுங்கள். அதற்குப் பிறகும் வரவில்லை என்றால் கையால், கருவி இல்லாமல், மண்ணை விலக்கிப் பாருங்கள்.

கலப்பைக்கிழங்கு என்ற பெயருக்கு ஏற்ப வளைந்த இரண்டு கிளையாக இருக்கும். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண். உருளைக்கிழங்கில் இருப்பதைப் போல நாலா பக்கமும் கண் கிடையாது. அந்த நுனி ஒடிந்தால் மீதிக் கிழங்கு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் முளைக்காது. தொட்டி மாற்றும்போது, களை பிடுங்கும்போது, பார்சலில் வரும்போது இப்படி நுனி போயிருக்கலாம். அதனால் கோடையில் கிழங்கைக் கிளறுவதே வேண்டாம் என்பேன். நுனி நன்றாக இருந்து, கிழங்கும் கெட்டியாக இருந்தால் அப்படியே படுக்கை வசத்தில் 5 முதல் 8 செ.மீ. ஆழத்தில் திரும்ப வைத்து மூடுங்கள். எழுந்துவிடும்.

எழுந்த தளிர் தரையோடு ஒடிந்தாலும் இதே கதைதான். அந்தக் கண்ணிலிருந்து அந்த வருடம் இன்னொரு தளிர் பெரும்பாலும் வராது. கோழி, பூனை வரும் வீடுகளில் தளிரைச் சுற்றி ஒரு கம்பிக் கூண்டு வைத்துவிடுங்கள்.

கொடி மேலே ஏறாமல் தரையில் படர்கிறது

இலை நுனிதான் இதற்குக் கை. அந்த மெல்லிய சுருள் தடித்த மூங்கிலைப் பிடிக்காது. சுள்ளி போன்ற ஒல்லியான குச்சிகள் வேண்டும். சாகுபடி செய்கிறவர்கள் காய்ந்த விராலிக் குச்சிகளை ஊன்றுவதும் கிளுவை வேலி வைப்பதும் இதற்குத்தான். தொட்டிக்குக் காய்ந்த கிளையொன்றைச் சிம்புகளோடு ஊன்றிவிட்டால் போதும். கிழங்கு எழுவதற்கு முன்பே ஊன்றுங்கள், பிறகு ஊன்றினால் கிழங்கின் முளைக்கண்ணில் குத்திவிடும்.

இலையெல்லாம் ஓட்டை, ஒரே இரவில் மொட்டை

கறுப்பு உடலில் வெள்ளையும் சிவப்பும் புள்ளி புள்ளியாக இருக்கும் புழுவைத் தேடுங்கள். லில்லிப் புழு என்பார்கள், பாலிடெலா குளோரியோசே என்ற அந்துப்பூச்சியின் புழு. பெயரிலேயே இந்தச் செடி இருக்கிறது பாருங்கள், அந்த அளவுக்கு இதையே தேடி வரும். மற்ற பூச்சிகளை விரட்டும் விஷம் இதை ஒன்றும் செய்யாது. குஞ்சுப் புழுக்கள் இலையில் கூட்டமாக இருக்கும்போதே பிடித்தால் சுலபம். பெரிதான பிறகு ஒரு புழுவே ஒரு நாற்றை முடித்துவிடும்.

வீட்டளவில் கையால் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுவதே சிறந்த வழி. காலையிலும் மாலையிலும் இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். லிட்டருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெயை ஒட்டும் அளவுக்குச் சோப்புக் கலந்து மாலையில் தெளித்தால் புதிதாக வருவது குறையும். புழு மண்ணுக்குள் இறங்கித்தான் கூட்டுப்புழுவாகும். மேல்மண்ணை லேசாகக் கிளறிவிடலாம், கிழங்கு நுனி நினைவில் இருக்கட்டும். ஆளைக் கொல்லும் பூச்சிமருந்தை நாலு தொட்டிக்காக வாங்க வேண்டாம். பூக்கும் காலத்தில் இதே கொடிக்கு வண்ணத்துப்பூச்சியும் தேன்சிட்டும் வரும்.

இலையில் பழுப்புப் புள்ளிகள், நடுவில் கருகல்

தொடர் மழையிலும் பனியிலும் வரும் இலைக்கருகல். பாதித்த இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள். செடிகளுக்கு இடையே காற்றோட்டம் விடுங்கள். மாலையில் இலை நனையத் தண்ணீர் ஊற்றாதீர்கள். பரவுவது நிற்கவில்லை என்றால் மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த 1 சதவீத போர்டோ கலவையை ஒருமுறை தெளியுங்கள். சீசன் முடிவில் ஒன்றிரண்டு புள்ளி வந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

கொடி நன்றாக வளர்கிறது, பூ இல்லை

எத்தனையாவது வருடம் என்று பாருங்கள். விதையிலிருந்து வந்த செடி மூன்றாம் வருடமோ நான்காம் வருடமோதான் பூக்கும். இரண்டாம் வருடம் முழங்கால் உயரம் ஏறிப் பற்றுக்கம்பி விட்டிருந்தால் அதுவே நல்ல முன்னேற்றம்.

வயது சரியாக இருந்தும் பூக்கவில்லை என்றால் முதல் சந்தேகம் நிழல். அடுத்தது நெருக்கம், சின்னத் தொட்டியில் நாலு கிழங்கு முட்டிக்கொண்டிருக்கும். பூக்கும் கிழங்குக்கு ஓரடி அகலமாவது தொட்டி வேண்டும். மூன்றாவது, தழைச்சத்து மிகுதி. கரும்பச்சையாகத் தழைத்துப் பூக்காத கொடிக்கு மாட்டு எருவை நிறுத்திவிட்டு, கொஞ்சம் விறகுச் சாம்பல் தூவுங்கள். போன வருடம் இலையைப் புழு தின்றிருந்தால் இந்த வருடம் பூ இல்லாமல் போவதும் இயல்பு. ஒவ்வொரு வருடமும் பழைய கிழங்கு வற்றி, அந்த வருட இலை சேமித்ததில் புதுக் கிழங்கு உருவாகிறது. போன வருட இலைதான் இந்த வருடப் பூ.

பூக்கிறது, காய் பிடிக்கவில்லை

பூவைப் பக்கவாட்டில் பாருங்கள். சூல்தண்டு அடியிலேயே மடங்கி, பக்கவாட்டில் வெளியே நீண்டிருக்கும். மகரந்தப் பைகள் ஆறும் சுற்றிலும் தள்ளி நிற்கும். தன் மகரந்தம் தன் சூல்முடியில் எளிதில் படாத அமைப்பு. வண்ணத்துப்பூச்சி வராத மாடியில் காய் பிடிக்காமல் போவதில் வியப்பில்லை. பெரிய தோட்டங்களிலேயே ஆள் வைத்துக் காலையில் கையால் மகரந்தம் சேர்க்கிறார்கள்.

நீங்களும் அதையே செய்யுங்கள். பூ விரிந்து மகரந்தப் பை வெடித்து மஞ்சள் தூள் தெரியும் காலையில், ஒரு சின்னத் தூரிகையில் அதை எடுத்து, வேறொரு கொடியில் இருக்கும் பூவின் மூன்றாகப் பிரிந்த சூல்முடியில் தொட்டு வையுங்கள். இதழ்கள் பச்சையிலிருந்து மஞ்சளாகிச் சிவக்கும், முழுக்கச் சிவந்து சுருங்கும் வரை காத்திருக்காமல் புதிதாக விரிந்த பூவிலேயே செய்யுங்கள். மழை பெய்தால் அடுத்த நாள் இன்னொரு முறை. ஒட்டிக்கொண்டால் சில நாளில் அடியில் இருக்கும் பச்சைப் பகுதி பருக்கத் தொடங்கும்.

ஒரு கொடியில் நாலைந்து காய்க்கு மேல் விடாதீர்கள், முதல்முறை பூக்கும் கொடியில் ஒன்றே போதும். காய் பருக்கும் நேரத்தில்தான் அடுத்த வருடக் கிழங்கும் பருக்கிறது. இரண்டுக்கும் ஒரே சாப்பாடு.

காய் வெடித்து விதை சிதறிவிட்டது

பச்சைக் காய் வெளுத்து, தோல் சுருங்கத் தொடங்கியதும் பறித்துவிடலாம். அல்லது மெல்லிய துணிப்பையைக் காயோடு கட்டிவிடுங்கள். பறித்த காயை நிழலில் ஒரு வாரம் பத்து நாள் காகிதத்தில் பரப்பினால் மூன்று பிளவாகத் திறந்து சிவப்பு விதைகள் தெரியும். குழந்தைகளுக்கு மிட்டாயாகத் தோன்றும் நிறம், அதனால் உயரமான இடத்தில் பரப்புங்கள். விதைகள் நன்றாகக் காய்ந்ததும் காகிதப் பையில் போட்டு, மேலே செடியின் பெயர், மாதம், ‘விஷம்’ என்ற சொல் மூன்றையும் எழுதிப் பூட்டி வையுங்கள். ஆடி மாதம் மேல்தோலைத் தேய்த்து விதைத்தது போக மீதம் இருந்தால் அக்கம்பக்கத்தில் வேலி வைத்திருப்பவர்களுக்குக் கொடுங்கள், விஷம் பற்றியும் கூடவே சொல்லிக் கொடுங்கள்.